13டபிள்யூ3-இலிருந்து விஜிஏ: குட்டி அடாப்டரா, பிஎன்சி கேபிளா?

#1 புதுக்கணக்கு

ஒரு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 (டர்போஜிஎக்ஸ் கார்டு), ஒரு எஸ்ஜிஐ இண்டி. இரண்டும் பழைய யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்கள்; இரண்டின் முதுகிலும் இருப்பது 13டபிள்யூ3 என்ற வீடியோ சாக்கெட். இந்தப் பக்கம் 17 அங்குல எல்சிடி, 1280×1024, விஜிஏ உள்ளீடு மட்டும். விரல் நீள அடாப்டர் ஒன்றை வாங்கி இரண்டு மெஷினுக்கும் மாற்றி மாற்றிப் போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். அடாப்டர் போட்டால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், ஒவ்வொரு சிக்னலுக்கும் தனித்தனி வட்ட பிளக் உள்ள 5 பிஎன்சி கேபிள்தான் வழி என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? காரணத்தோடு சொன்னால் நல்லது.

#2 எழுபத்தைந்து ஓம்

பிஎன்சி. இதில் யோசிக்கவே வேண்டாம்.

13டபிள்யூ3 ஏன் அப்படி ஒரு வடிவத்தில் வந்தது என்று பாருங்கள். 25 பின் டி-சப் அளவுள்ள அதே ஷெல். அதில் 10 சாதாரண பின், 3 கோஆக்ஸ் (நடுக் கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ள கேபிள்) குழி. ஏ1 சிவப்பு, ஏ2 பச்சை, ஏ3 நீலம். ஒவ்வொரு நிறமும் கார்டிலிருந்து மானிட்டர் வரை 75 ஓம் கோஆக்ஸ் விட்டு வெளியே வராமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு செலவு. 1280×1024, 76 ஹெர்ட்ஸில் பிக்சல் கிளாக் 135 மெகாஹெர்ட்ஸ். ஒரு பிக்சலுக்கு 7.4 நானோ செகண்ட். அடாப்டருக்குள் என்ன இருக்கிறது? கோஆக்ஸை உரித்து, சாதாரண வயரில் 15 பின் விஜிஏ சாக்கெட்டுக்கு இழுத்திருப்பார்கள். அந்த இடத்தில் 75 ஓம் இம்பிடன்ஸ் (சிக்னலுக்குக் கேபிள் காட்டும் தடை) முறிகிறது, சிக்னல் திரும்புகிறது, நிழல் விழுகிறது.

13டபிள்யூ3 – 5 பிஎன்சி கேபிள் ஒன்று, 5 பிஎன்சி – விஜிஏ கேபிள் ஒன்று, நடுவில் 75 ஓம் பிஎன்சி ஜாயின்ட். இதுதான் சரியான வழி. சிங்க் (வரியும் படமும் எங்கே தொடங்குகிறது என்று மானிட்டருக்குச் சொல்லும் சிக்னல்) வயரை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் பிஎன்சியைக் கழற்றி மாட்டினால் போதும், சால்டரிங் அயனைத் தொட வேண்டியதில்லை.

#3 கையடக்கம்

காரணம் சொன்னீர்கள், கணக்கு போடவில்லை. போட்டுப் பார்ப்போம்.

சாலிட் பாலிஎத்திலீன் கோஆக்ஸில் சிக்னல் 1 மீட்டர் போக சுமார் 5 நானோ செகண்ட். அடாப்டருக்குள் உரிந்து கிடக்கும் வயர் அதிகபட்சம் 5 செ.மீ. போக வர அரை நானோ செகண்டுக்கும் குறைவு. உங்கள் பிக்சல் 7.4 நானோ செகண்ட், அதன் விளிம்பு ஏறவே 2 நானோ செகண்ட் வாக்கில் ஆகும். அந்த 5 செ.மீ. துண்டின் இரண்டு முனையிலும் பிரதிபலிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரியும் நிழல் அதிலிருந்து வர வாய்ப்பில்லை.

நிழல் எங்கிருந்து வருகிறது என்றால், நீளமான கேபிள் முழுக்க தவறான இம்பிடன்ஸாக இருக்கும்போது. கையால் கேபிள் கட்டுகிறவர்கள் ஆர்ஜி-174 போட்டுவிடுகிறார்கள். அது 50 ஓம். வேண்டியது ஆர்ஜி-179, 75 ஓம். இரண்டும் தடிமனில் ஏறக்குறைய ஒன்றுதான், உறையில் எழுதியிருப்பதைப் படிக்காவிட்டால் வித்தியாசம் தெரியாது. 75 ஓம் கார்டு, 75 ஓம் மானிட்டர், நடுவில் 2 மீட்டர் 50 ஓம் கேபிள்: ஒவ்வொரு முனையிலும் 20% திரும்பும். இரண்டு முறை திரும்பி மானிட்டருக்கு வருவது 4%. தாமதம் 20 நானோ செகண்ட், அதாவது வலப்பக்கம் சுமார் 2.7 பிக்சல் தள்ளி ஒரு மங்கல் கோடு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தால் நன்றாகவே தெரியும். இந்தக் குற்றத்தை அடாப்டர் தலையில் கட்டாதீர்கள்.

புதுக்கணக்கு, உங்கள் கேள்வியில் உண்மையான ஆபத்து நிழல் அல்ல. "இரண்டு மெஷினுக்கும் மாற்றி மாற்றி" என்றீர்களே, அதுதான். ஷெல் ஒன்றுதான், பின் வரிசை வேறு.

சன்: 2 வெர்டிக்கல் சிங்க், 6 ஹாரிசான்டல் சிங்க் (பல கார்டுகளில் இவை இரண்டும் காலி), 5 காம்போசிட் சிங்க் (இரண்டும் ஒரே வயரில்), 10 அதன் கிரவுண்ட். 3, 8, 9 மானிட்டர் சென்ஸ் (எந்த மானிட்டர் என்று கார்டு அறியும் பின்கள்), 4 சென்ஸ் கிரவுண்ட்.

எஸ்ஜிஐ: 3 காம்போசிட் சிங்க், 4 ஹாரிசான்டல், 5 வெர்டிக்கல். 1, 2, 6, 7 மானிட்டர் ஐடி. 8, 9, 10 கிரவுண்ட்.

சன் அடாப்டரை இண்டியில் போட்டால், அடாப்டர் காம்போசிட் என்று நம்பி எடுக்கும் 5-ஆம் பின்னில் இண்டி வெர்டிக்கலை அனுப்புகிறது. திரை கறுப்பாக இருக்கும். அது பரவாயில்லை. சன் அடாப்டர்களில் 4-ஐயும் 10-ஐயும் சேர்த்துக் கிரவுண்டில் கட்டியிருப்பார்கள். இண்டியில் 4 என்பது ஹாரிசான்டல் வெளியீடு. அதை நேராகக் கிரவுண்டுக்குத் தள்ளுகிறீர்கள். அந்த டிரைவர் ஐசி எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதிக்க வேண்டியதில்லை.

#4 எழுபத்தைந்து ஓம்

5 செ.மீ. கணக்கு சரி. ஆனால் அடாப்டரோடு கதை முடிவதில்லை. அடாப்டர் வாங்கினால் அதன் பின்னால் ஒரு விஜிஏ கேபிள் போட்டே ஆக வேண்டும். மானிட்டர் பெட்டியில் வரும் மெல்லிய விஜிஏ கேபிளை அறுத்துப் பாருங்கள். சிலவற்றில் மூன்று நிறத்துக்கும் கோஆக்ஸே இருக்காது, முறுக்கிய வயர்தான். நீங்கள் ஆர்ஜி-174-க்குச் சொன்ன கணக்கு அங்கே அப்படியே பொருந்தும். பிஎன்சி கேபிளில் இந்தச் சந்தேகம் இல்லை; தனித்தனிக் கோஆக்ஸ் கையிலேயே தெரியும்.

பின் வரிசை விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அதற்கும் மருந்து பிஎன்சிதான் என்பேன்.

#5 கையடக்கம்

அது மருந்தாகாது. 13டபிள்யூ3 – 5 பிஎன்சி கேபிளும் சன்னுக்கு ஒன்று, எஸ்ஜிஐ-க்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் வருகிறது. மறு முனையில் பிஎன்சி இருப்பதால் இந்த முனையில் 4-ஆம் பின் எங்கே போகிறது என்பது மாறிவிடாது. எதை வாங்கினாலும் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து 4-க்கும் ஷெல்லுக்கும், 4-க்கும் 10-க்கும் தொட்டுப் பாருங்கள். பீப் கேட்டால் அது இண்டிக்கு ஆகாது.

மெல்லிய விஜிஏ கேபிள் பற்றிச் சொன்னது நியாயம். தடித்த, ஃபெரைட் உருளை உள்ள 1.8 மீட்டர் கேபிள் போடுங்கள் என்பதுதான் அதற்குப் பதில். இன்னொரு சோதனையும் உண்டு: கேபிளை மானிட்டரில் மாட்டி, மெஷின் பக்க முனையில் ஏ1-இன் நடுப் பின்னுக்கும் அதன் வெளி வளையத்துக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். 75 ஓம் பக்கத்தில் வர வேண்டும். 37 வந்தால் எங்கோ இரண்டு டெர்மினேஷன் (முனையில் இருக்கும் 75 ஓம் ரெசிஸ்டர்), படம் இருண்டு கிடக்கும். திறந்து காட்டினால் டெர்மினேஷனே இல்லை, படம் அளவுக்கு மீறி வெளுக்கும். ஏ2, ஏ3-க்கும் இதே சோதனை.

#6 வைகறை

இரண்டு பேரும் கேபிளிலேயே நிற்கிறீர்கள். கேட்டவரிடம் இருப்பது சிஆர்டி அல்ல, எல்சிடி. "அடாப்டரால் மங்கல்" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை சாம்பிளிங் கிளாக் (வரும் சிக்னலை மானிட்டர் பிக்சல் பிக்சலாக அளக்கும் வேகம்) தவறு. கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சன் கார்டு எந்த மானிட்டரும் தெரியாவிட்டால் (மூன்று சென்ஸ் பின்னும் திறந்திருந்தால், அதாவது சென்ஸ் எண் 7) 1152×900, 66 ஹெர்ட்ஸில் எழும். ஹாரிசான்டல் 61.8 கிலோஹெர்ட்ஸ், பிக்சல் கிளாக் 92.94 மெகாஹெர்ட்ஸ். வகுத்தால் ஒரு கோட்டுக்கு மொத்தம் 1504 பிக்சல். எல்சிடிக்குள் இந்த மோடு பதிவாகியிருக்காது. பட்டியலில் அருகில் இருப்பது விசா என்ற மானிட்டர் தரநிலையின் 1152×864, 75 ஹெர்ட்ஸ். அதில் கோட்டுக்கு 1600. மானிட்டர் அந்த எண்ணையோ வேறு ஏதோ ஊகத்தையோ எடுத்துக்கொண்டு சாம்பிள் எடுக்கும். விளைவு, திரையில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக ஓரிடம் தெளிவு, ஓரிடம் மங்கல்.

இதைப் பிரித்தறிவது சுலபம். கேபிள் நிழல் என்றால் திரையின் எந்த மூலையிலும் ஒரே தூரத்தில், எப்போதும் வலப்பக்கம் விழும். கிளாக் தவறு என்றால் மங்கல் பட்டைகளாக வரும், நடுநடுவே எழுத்து கத்தி போல் இருக்கும். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் செங்குத்துக் கோடுகளைத் திரை முழுக்க நிரப்புங்கள். மானிட்டர் மெனுவில் 'கிளாக்' அல்லது 'ஹாரிசான்டல் சைஸ்' என்று இருக்கும். ஒரு படி மாற்றினால் பட்டை எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து, குறையும் திசையிலேயே போங்கள். நான்கைந்து பட்டை இருந்தால் நான்கைந்து படிதான், எண்ணிக்கொண்டே திருப்பலாம். பட்டை முழுக்க மறைந்த பிறகுதான் 'ஃபேஸ்' (ஒவ்வொரு பிக்சலையும் எந்தக் கணத்தில் அளப்பது என்பது). முதலிலேயே ஃபேஸைத் திருப்பினால் பட்டை இடம் மாறுமே தவிர போகாது.

இதைவிட நல்ல வழி, மெஷினையே விசா மோடில் எழ வைப்பது. சன்னில் கீபோர்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் கன்சோல் சீரியல் போர்ட் ஏ-வுக்குப் போய்விடும்: 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப். சன்னின் துவக்க நிரலான ஓபன்பூட்டின் ஓகே பிராம்ப்டில் அவுட்புட்-டிவைஸ் என்ற மாறியில் 'ஸ்கிரீன்' என்பதோடு கோலன் போட்டு ரெசலூஷனை எழுதலாம். 1024×768, 60 ஹெர்ட்ஸ் என்றால் ஹாரிசான்டல் 48.4 கிலோஹெர்ட்ஸ், எந்த எல்சிடியும் ஏற்கும். கார்டுக்குள்ளேயே இருக்கும் எஃப்கோடு நிரலில் அந்த மோடு இருந்தால்தான் நடக்கும், இல்லையென்றால் பழைய மோடிலேயே எழும்.

சென்ஸ் பின்னைக் கட்டியும் மோடு மாற்றலாம். 3-ஐயும் 9-ஐயும் 4-உடன் சேர்த்து, 8-ஐத் திறந்து விட்டால் சென்ஸ் எண் 2: கார்டில் அந்த மோடு இருந்தால் 1280×1024, 76 ஹெர்ட்ஸ். பேனலுக்கு நேர் அளவு என்று ஆசையாக இருக்கும். ஆனால் ஹாரிசான்டல் 81.1 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. 17 அங்குல எல்சிடி பலவற்றின் உச்சவரம்பு 80 அல்லது 81. "அவுட் ஆஃப் ரேஞ்ச்" வந்தால் திகைக்காதீர்கள், மானிட்டரின் ஸ்பெக் தாளை முதலில் பாருங்கள்.

#7 எழுபத்தைந்து ஓம்

கிளாக் விளக்கம் அருமை. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வரவே முதலில் சிங்க் கிடைக்க வேண்டும். இண்டி பச்சையின் மேலேயே சிங்க் அனுப்புகிறது. எல்சிடி பலவற்றுக்கு அது புரியாது. எல்எம்1881 என்ற சிங்க் பிரிக்கும் சிப் போட்டுப் பிரித்தெடுக்க வேண்டிவரும், அதற்குப் பச்சைக் கோட்டைத் தட்டி எடுக்க பிஎன்சி 'டி' இருந்தால் வசதி.

#8 கையடக்கம்

இண்டிக்கு அந்தச் சிப் எதற்கு? பச்சையில் சிங்க் இருக்கிறது என்பதற்காக வேறெங்கும் இல்லை என்றாகிவிடாது. 4-இல் ஹாரிசான்டல், 5-இல் வெர்டிக்கல், இரண்டும் டிடிஎல் (5 வோல்ட் லாஜிக் சிக்னல்). எஸ்ஜிஐ-க்கான அடாப்டர் 4-ஐ விஜிஏ 13-க்கும், 5-ஐ 14-க்கும் கொண்டுபோகிறது. முடிந்தது.

அதன் பிறகும் ஒரு தொல்லை மிஞ்சலாம்: படம் முழுக்கப் பச்சை ஏறியிருக்கும். தனி சிங்க் வரும்போது சில மானிட்டர்கள் சிங்க் பல்ஸ் நடக்கும் நேரத்திலேயே கறுப்பு அளவை எடுத்துக்கொள்கின்றன. சிவப்பு, நீலத்தில் அப்போது 0 வோல்ட். பச்சையிலோ சிங்க் இருப்பதால் 0.3 வோல்ட் கீழே. அந்தக் கீழ் மட்டத்தைக் கறுப்பு என்று எடுத்துக்கொண்டால் பச்சை மட்டும் அவ்வளவு மேலே ஏறும். மெனுவில் பச்சையைக் குறைத்து இதைச் சரிக்கட்டாதீர்கள், இருண்ட நிறங்கள் கெடும். 13, 14-இல் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பச்சை சிங்க் தெரிந்த மானிட்டர் என்றால் தானாக அதைப் பிடித்துக்கொண்டு, பல்ஸ் முடிந்த பிறகு கறுப்பை எடுக்கும். தெரியாத மானிட்டர் என்றால் வேறு மானிட்டர்தான்.

#9 எழுபத்தைந்து ஓம்

இண்டிக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். சன்னுக்கு? 5-இல் காம்போசிட் மட்டும். அதை அடாப்டர் விஜிஏ 13-இல் கொடுத்து 14-ஐக் காலியாக விடும். காம்போசிட் ஏற்காத எல்சிடி "நோ சிக்னல்" என்று தூங்கிவிடும். அங்கே எல்எம்1881 இல்லாமல் முடியாது.

சர்க்யூட் சின்னதுதான். சன்னின் 5-ஆம் பின் டிடிஎல் என்பதால் நேராகக் கொடுக்கக் கூடாது, 3.3 கிலோ ஓம், 1 கிலோ ஓம் போட்டுப் பிரித்தால் சுமார் 0.8 வோல்ட் வரும். 0.1 மைக்ரோஃபாரட் வழியாக சிப்பின் 2-ஆம் காலுக்கு. 8-ஆம் காலில் 5 வோல்ட், 4 கிரவுண்ட். 1-ஆம் காலிலிருந்து விஜிஏ 13, 3-ஆம் காலிலிருந்து விஜிஏ 14. எல்லோரும் சறுக்கும் இடம் 6-ஆம் கால். டேட்டாஷீட்டில் 680 கிலோ ஓம் என்று பார்த்து அப்படியே போடுகிறார்கள். அது 15.7 கிலோஹெர்ட்ஸ் டிவிக்கு. 61.8-க்குத் தோராயமாக அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்: 170 வருகிறது, 180 கிலோ ஓமில் தொடங்கலாம். அதோடு 0.1 மைக்ரோஃபாரடும் இணையாக.

#10 புதுக்கணக்கு

இப்போது தெளிவாகிறது. சன்னுக்கு ஒரு அடாப்டர், இண்டிக்கு ஒரு அடாப்டர், ஒரு நல்ல விஜிஏ கேபிள். எல்எம்1881-க்கான 5 வோல்ட்டை விஜிஏ 9-ஆம் பின்னில் எடுக்கலாமா?

#11 கையடக்கம்

முடியாது. அந்த 5 வோல்ட்டை பிசி பக்கம்தான் கொடுக்கும். இந்த மெஷின்களின் 13டபிள்யூ3-இல் 5 வோல்ட் பின்னே கிடையாது. மொபைல் சார்ஜர் ஒன்றின் யுஎஸ்பி வயரை அறுத்து எடுங்கள், சிப் 10 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் முதலில் சிப் இல்லாமல் மாட்டிப் பாருங்கள். காம்போசிட் ஏற்கும் எல்சிடி நிறையவே இருக்கிறது.

#12 எழுபத்தைந்து ஓம்

அடாப்டரைத் திறந்து நீங்களே வயர் மாற்றுவதாக இருந்தால் ஒன்று. 13டபிள்யூ3-க்கான கோஆக்ஸ் கான்டாக்ட் தனியாகக் கிடைக்கும், 50 ஓமிலும் வரும், 75 ஓமிலும் வரும். அதே குழியில் உட்காரும் பவர் கான்டாக்டும் உண்டு. மூன்றையும் கடைக்காரர் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார். நடுப் பின்னும் அதைச் சுற்றி வெள்ளை டெஃப்லானும் இருக்கிறதா என்று பார்த்து, 75 என்று கேட்டு வாங்குங்கள். 3 மீட்டருக்கு மேல் இழுப்பதாக இருந்தால் என் முதல் பதிலில் ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன்: பிஎன்சி.