லைன் வீட்டில் புகை அலாரம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருப்பூர் அங்கேரிபாளையம் பக்கம் எங்களுக்கு மாடியோடு சேர்த்து ஒன்பது ரூம் லைன் வீடு இருக்குதுங்க. அப்பா கட்டியது. இப்போது வாடகை, மோட்டார், மீட்டர் எல்லாம் என் பொறுப்பு. குடியிருப்பது பனியன் கம்பெனிப் பையன்கள், ரூமுக்கு நாலு பேர்.

போன மார்கழியில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணி. கீழ் ரூமில் மெத்தை மேல் சார்ஜ் போட்ட போன் சூடேறி, மெத்தை புகைந்திருக்கிறது. தீ எழவில்லை, வெறும் புகை. உள்ளே மூன்று பேர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த நாலாவது பையன் கதவைத் திறந்ததால் பிழைத்தார்கள். அவன் போட்ட சத்தத்தில் மாடிப் பையன்கள் இறங்கி ஓடிவந்தால், படிக்குக் கீழே கம்பிக் கேட்டில் பூட்டு! சாமான் திருடு போகிறதென்று 11 மணிக்குப் பூட்டச் சொன்னது நான்தான். சாவி அடுத்த தெருவில், எங்கள் வீட்டு ஆணியில். நான் ஓடிப்போய்த் திறக்கும்வரை பதினாறு பேர் கம்பியைப் பிடித்து ஆட்டிய சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. சிவன்மலையான் புண்ணியம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புகை நெடி வந்தால் தானாக முழிப்பு வந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். தூங்குகிற ஆளை நெடி எழுப்பும் என்று நம்பவே முடியாதாம். சத்தம்தான் எழுப்பும். மறுவாரமே பேட்டரியில் ஓடும் ஸ்மோக் அலாரம் நாலு வாங்கி ரூம்களுக்குள் மாட்டினேன். பத்தே நாளில் இரண்டில் பேட்டரி இல்லை. ரூமுக்குள்ளேயே அடுப்பு, மிளகாய் தாளித்தால் போதும், அது கத்துகிறது. பையன்கள் கழற்றிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

*

கோவை பீளமேட்டில் பெண்கள் விடுதி நடத்துகிறேன் அக்கா. எங்களுக்கு 2014-இல் வந்த விடுதிச் சட்டம் இருக்கிறது. உரிமம் வாங்க வேண்டும், தீயணைப்புத் துறைச் சான்றிதழும் கேட்பார்கள். அது பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கானது. உங்கள் பையன்கள் அதற்குள் வரமாட்டார்கள். ஆனால் புகை ஆள் பார்த்து வருவதில்லையே. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையம் விடுதியில் அதிகாலை ஃப்ரிட்ஜ் வெடித்து இரண்டு பெண்கள் இறந்த செய்தியைப் படித்த அன்றே எங்கள் ஃப்ரிட்ஜைப் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து நகர்த்திவிட்டேன்.

தாளிப்புக்கு வழி இருக்கிறது. சமைக்கிற இடத்தில் சூட்டுக்கு மட்டும் கத்துகிற ஹீட் அலாரம் மாட்டுங்கள். ஸ்மோக் அலாரம் வராண்டாவிலும் படிக்கட்டு உச்சியிலும் இருக்கட்டும். உங்கள் ஊரில் பஞ்சுத்தூசி அதிகம், மாதம் ஒருமுறை மேலே துடைத்து, பட்டனை அழுத்திப் பாருங்கள். இன்னொன்று, ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்துகிற மாதிரி இணைத்த செட் வாங்குங்கள். கீழே கத்துவது மாடியில் ஃபேன் ஓடும்போது கேட்காது.

*

நான் கோபிங்க. மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் ஐந்து பேரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேர் சமையலறையைப் பகிர்ந்துகொண்டால் அங்கே வீட்டுக்காரர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். 2015-லிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஸ்மோக் அலாரம் கட்டாயம். குடி வருகிற முதல் நாள் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் ஓனர் வேலை. 2022-லிருந்து, பழுது என்று சொன்னால் அதையும் அவரே சரிசெய்துதர வேண்டும். கவுன்சில் சொல்லியும் செய்யாவிட்டால் 5,000 பவுண்டு வரை அபராதம். என்னுடைய மூன்று போர்ஷன் வீட்டில் என்ன இருக்கிறது என்று மகன் போனில் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லைங்க. இந்த வாரம் ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

*

இருவருக்கும் நன்றிங்க. இணைத்த செட்டுக்குச் சொல்லிவிட்டேன், மெத்தையில் சார்ஜ் போடக்கூடாது என்று இந்தியிலும் எழுதி ஒட்டியாயிற்று. கேட்டில் பூட்டை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து கை நுழையாதபடி தகரம் அடித்து, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருக்கிறோம். நேற்று ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, மாடிப் பையன்கள் ஒவ்வொருவரையும் இருட்டில் தடவித் திறக்கச் சொன்னேன். பதினாறு பேரும் திறந்தார்கள்.