சைப்ரஸ் கிராமங்களில் சந்தித்த மனிதர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கடற்கரை ஊர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் கொர்மாகிடிஸ் பற்றிச் சொல்கிறேன். தீவின் வடமேற்கில் மரோனைட் கிறிஸ்தவர்களின் (லெபனான் பக்கத்திலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கப் பிரிவு) ஊர். 1974-ல் துருக்கிப் படை இறங்கி, வடக்கு துருக்கியர் பக்கம், தெற்கு கிரேக்கர் பக்கம் எனத் தீவு இரண்டாகப் பிரிந்தபோது பெரும்பாலோர் தெற்கே போய்விட்டார்கள். வயதானவர்கள் கொஞ்சம் பேர் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு காலை தலைநகர் நிகோசியாவிலிருந்து காரில் போனோம். (தெற்கில் வாடகைக்கு எடுத்த காரின் காப்பீடு வடக்கில் செல்லாது. வடக்கே நுழையும் சாவடியிலேயே தனியாக வாங்க வேண்டும்.) புனித ஜார்ஜ் தேவாலயத்தில் பூசை முடிந்து கூட்டம் காப்பிக்கடைக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். சர்க்கரை போடாத காப்பி, கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். எங்களைக் காசு கொடுக்க விடவே இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பிறந்தவர், ஆங்கிலம் நன்றாகவே பேசினார். பிள்ளைகள் மேல்படிப்புக்காகத் தெற்கே போனார்களாம். போனவர்களால் நினைத்தபோது வீட்டுக்கு வர முடியவில்லை. 2003 ஏப்ரலில் சாவடிகள் திறந்த பிறகுதான் ஞாயிறுதோறும் வந்து போகிறார்கள். பக்கத்து ஊரான அசோமாதோஸ் நிலைமை இன்னும் மோசம். அது ராணுவ முகாமாகிவிட்டது. ஊர்க்காரர்களையே ஞாயிறு பூசைக்கு மட்டும்தான் உள்ளே விட்டார்கள்.

நண்பர்களோடு அவர் பேசியது சன்னா மொழி. அரபியிலிருந்து வந்தது, கிரேக்கம் நிறையக் கலந்திருக்கும். பேத்தியிடம் திரும்பினால் உடனே கிரேக்கம்! 2008-ல் சைப்ரஸ் அரசு சன்னாவைச் சிறுபான்மை மொழியாக ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளுக்கு கோடை முகாமும் நடக்கிறது. அந்தப் பேத்தி முகாமில் கற்றதை வைத்து தாத்தாவிடம் சன்னாவில் ஏதோ கேட்டாள். பெரியவர் பதில் சொல்லாமல் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த மொழி எப்படியாவது பிழைக்க வேண்டும்.

* * *

அக்கா, இதற்கு மறுபக்கத்தை நான் வ்ரேச்சாவில் பார்த்தேன். பாஃபோஸ் மலைப்பக்கம், துருக்கிய சைப்ரஸ்காரர்கள் வாழ்ந்த ஊர். அவர்கள் 1975 வாக்கில் வடக்கே போய்விட்டார்கள். இப்போது கூரை விழுந்த கல்வீடுகளும் பாதாம் மரங்களும்தான் மிச்சம். ருதியாஸ் பாலத்துக்கு நடந்து போகிற வழியில் ஒரு குடும்பத்தைப் பார்த்தோம். வடக்கில் இருக்கிற மோர்ஃபூவிலிருந்து வந்திருந்தார்கள். அந்த அம்மா கதவில்லாத ஒரு வாசலைக் காட்டி, தான் பிறந்த வீடு என்றார். மகன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் கையில் அத்திப்பழம் திணித்துவிட்டுத்தான் போனார்கள். மோர்ஃபூவே 1974-ல் கிரேக்கர்கள் விட்டுப்போன ஊர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்று இரவு முழுக்க மனசு கேட்கவில்லை.

* * *

இரண்டு பேரும் அவசியம் பிலாவுக்குப் போய் வாருங்கள். லார்னகா பக்கம், வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே ஐ.நா. காவல் காக்கும் பகுதிக்குள் இருக்கிற ஊர். இரு தரப்பும் இன்னமும் சேர்ந்து வாழ்வது அங்கே. சதுக்கத்தில் கிரேக்கர் காப்பிக்கடை, துருக்கியர் காப்பிக்கடை இரண்டும் உண்டு. நான் இரண்டிலும் குடித்தேன். ஒரு கடையில் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. அங்கிருந்த தாத்தா ஒருவர், எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டி, சின்ன வயதில் சேர்ந்து ஆடு மேய்த்தோம் என்றார்.