புதுப்பிப்பு: டென்னிஸில் டபுள் ஃபால்ட் பதற்றம், மூன்று வாரத்துக்குப் பிறகு

பயிற்சியில் ஒழுங்காக விழும் சர்வ், மேட்சில் 30-40, அதாவது அடுத்த பாயிண்டை விட்டால் கேமே போய்விடும் என்றதும் வலையில் போய் முட்டி, இரண்டாவது சர்வும் தவறி டபுள் ஃபால்ட் ஆகிறது என்று புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. அதற்கு நீங்கள் சொன்ன யோசனைகளில் மூச்சை எண்ணுவது எனக்கு ஒத்துவரவில்லை. எண்ணுவதிலேயே கவனம் போய்விட்டது. கைகொடுத்தது ராக்கெட் ஸ்ட்ரிங், அதாவது மட்டையின் நரம்புகள்தான். இரண்டு பாயிண்டுக்கு நடுவே விதிப்படி 25 விநாடி உண்டு. எதிராளியைப் பார்க்காமல், கோணலான ஸ்ட்ரிங்கை ஒவ்வொன்றாக விரலால் நேராக்குகிறேன். அப்புறம் பந்தை நான்கு முறை தட்டி, மூச்சை நீளமாக விட்டு, எங்கே போடுவது என்பதை மட்டும் யோசிக்கிறேன்.

நேற்று பெங்களூரு கப்பன் பார்க் பக்கம் ஆடிய மேட்சில் டைபிரேக்கை (6-6 ஆனதும் செட்டை முடிவு செய்யும் கேம்) 5-7 என்று தோற்றேன். ஆனாலும் சரி, டபுள் ஃபால்ட் மொத்தமே ஒன்றுதான். பார்த்துக்கொண்டிருந்த அல்சூர் அண்ணன் ஒருவர், "என்ன தம்பி, நடுவுல நடுவுல வீணை வாசிக்கிறே?" என்றார்.