பிட்ஸ்பர்க்கின் பேஸ்பால் அணி பைரேட்ஸ் ஏன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அலெகெனிக்கரை எழுதியது:

நான் பிட்ஸ்பர்க் வந்தது 2009ல். கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாத என்னை, கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பைரேட்ஸின் மைதானமான பிஎன்சி பார்க்குக்கு அழைத்துப் போனார். ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தால் எதிரே மஞ்சள் நிறத்தில் கிளெமென்டே பாலம், அதற்குப் பின்னால் நகரக் கட்டடங்கள். அவ்வளவு அழகான மைதானத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று பைரேட்ஸ் தோற்றது. "17 வருடமாக இதே கதைதான்" என்றார் அவர், கோபமே இல்லாமல். அந்தக் கோபமின்மைதான் என்னை உலுக்கியது.

1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன், வென்றதைவிடத் தோற்றது அதிகம். வட அமெரிக்காவின் பெரிய லீகுகளில் வேறு எந்த அணிக்கும் இப்படி நேர்ந்ததில்லை. அப்புறம் 2013 வந்தது. அக்டோபர் 1, சின்சினாட்டி ரெட்ஸோடு வைல்டு கார்டு ஆட்டம், ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. ஊரே கறுப்புச் சட்டையில் வந்திருந்தது. எதிரணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஜானி குவெய்டோவின் பெயரை நாற்பதாயிரம் பேர் இழுத்து இழுத்துப் பாடினோம். அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்திலேயே எங்கள் ரஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

2015ல் 98 வெற்றி. அந்த வருடம் கிட்டத்தட்ட 25 லட்சம் பேர் மைதானத்துக்கு வந்தார்கள், கிளப் வரலாற்றிலேயே அதிகம். வைல்டு கார்டில் சிகாகோ கப்ஸிடம் தோற்றது வருத்தம்தான், ஆனால் அதை மன்னிக்கலாம். அன்று ஜேக் அரியெட்டா பந்துவீசிய விதத்துக்கு யாராயிருந்தாலும் தோற்றிருப்பார்கள்.

என்னால் மறக்க முடியாதது அதற்கடுத்த சில மாதங்கள். சீசன் பாதியில் வந்து பிரமாதமாக வீசிய ஜே.ஏ. ஹாப், மூன்று வருடத்துக்கு 36 மில்லியன் டாலர் கொடுத்த டொரண்டோவுக்குப் போனார். அடுத்த வருடம் அங்கே 20 ஆட்டம் வென்றார். இந்த ஊர்ப் பிள்ளையான நீல் வாக்கரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து ஜான் நீஸை வாங்கினார்கள், அது எடுபடவில்லை. 2016 ஆகஸ்ட்டில் சம்பளச் சுமையைக் குறைக்க பிரான்சிஸ்கோ லிரியானோவை அனுப்பினார்கள். அவரோடு இரண்டு நல்ல இளம் வீரர்களும் போனார்கள். அந்த வருடம் 78 வெற்றி, 83 தோல்வி.

98 ஜெயித்த அணிக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது இன்னும் ஒரு அடி. ஏணியின் கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றுகொண்டு கீழே இறங்குவதுதான் இந்த கிளப்பைப் பிடித்த நோய் என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?

டாம்பா வெயில் எழுதியது:

அண்ணா, நான் இருப்பது எதிர்ப்பக்கம், டாம்பா பே ரேஸ் ரசிகன். 2018 ஜூலையில் எங்கள் பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரை பைரேட்ஸுக்கு விற்றபோது இங்கே எங்களுக்கு வருத்தம். அவர் எங்கள் செல்லப்பிள்ளை. பதிலுக்கு வந்தவர்கள் டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், பின்னால் ஷேன் பாஸ். கிளாஸ்னோ முந்தைய வருடம் பிட்ஸ்பர்க்கில் நன்றாக அடிவாங்கியவர். இங்கே வந்ததும் ஆளே மாறிப்போனார். 2020 வேர்ல்டு சீரிஸின், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரின், முதல் ஆட்டத்தில் எங்களுக்காகப் பந்துவீசத் தொடங்கியது அவர்தான். மெடோஸ் 2019ல் ஆல்ஸ்டார். ஆர்ச்சரோ காயத்தோடு இரண்டு வருடம் தடுமாறிவிட்டு 2021ல் எங்களிடமே திரும்பி வந்தார்.

ரேஸ் ஒன்றும் பணக்கார கிளப் இல்லை. எங்கள் சம்பளப் பட்டியலும் கடைசி வரிசையில்தான். அதனால் பணத்தை மட்டும் குறை சொன்னால் விஷயத்தில் பாதி விட்டுப்போகும் என்று தோன்றுகிறது.

பிட்சர் கெரிட் கோலும் அப்படித்தானே? பிட்ஸ்பர்க்கில் அவரை, பேட்டர் தரையில் உருட்டி அடிக்கும்படி, கீழே இறங்கும் சிங்கர் பந்தை வீசச் சொன்னார்கள். ஹூஸ்டன் அணிக்குப் போனதும் உயரத்தில் நேராகப் பாயும் வேகப்பந்தை வீச விட்டார்கள். 2019ல் 326 ஸ்டிரைக் அவுட், அதாவது பேட்டர் பந்தை ஆட்டத்தில் போடாமலே அவுட் ஆனது. அதே கை, அதே தோள். தன் கையில் இருப்பது என்னவென்று கிளப்புக்குத் தெரியவில்லை.

அலெகெனிக்கரை எழுதியது:

தம்பி, கோல் விஷயம் இன்னும் வலிக்கிறது. நீங்கள் சொல்வது சரி. 2013ல் தரையில் உருளும் பந்தும், அதைப் பிடிக்க ஃபீல்டர்களை இடம் மாற்றி நிறுத்துவதும்தான் எங்களைத் தூக்கிவிட்டன. பேட்டர்கள் அதற்குப் பதிலாகப் பந்தை மேலே தூக்கி அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜெயித்துக் கொடுத்த பாடத்தையே இவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை பலித்ததை விட யாருக்கும் மனம் வராது, எனக்கும் வந்திருக்காது.

பழைய ஹாஸ்டல் எழுதியது:

நான் 1992ல் அங்கே மாணவி. பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டி பக்கத்தில் நான்கு பெண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அக்டோபர் 14, வேர்ல்டு சீரிஸுக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் தொடரில், அட்லாண்டாவில் ஏழாவது, கடைசி ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 என்று முன்னிலை. வீட்டுக்காரம்மா எங்களையும் கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் வேர்ல்டு சீரிஸ். அட்லாண்டாவுக்காக பிரான்சிஸ்கோ கப்ரேரா என்று யாருமே கேள்விப்படாத ஒரு ஆள் அடித்தார். எங்கள் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் எடுத்து எறிந்தார். முன்பு இதே பைரேட்ஸில் ஆடியவர், ஓட்டத்தில் மெதுவானவர் என்று பெயரெடுத்த சிட் பிரீம், அட்லாண்டாவின் வெற்றி ரன்னுக்காகச் சறுக்கி வந்து சேர்ந்துவிட்டார். 3-2. வீட்டுக்காரம்மா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, எங்களுக்குத் தட்டு எடுத்துவைத்தார். யாரும் பேசவில்லை.

பாண்ட்ஸ் அதோடு சான் பிரான்சிஸ்கோ போய்விட்டார். ஆறு வருடத்துக்கு 43.75 மில்லியன், அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பர்ஸ். மேஜர் லீகில் அந்த வரம்பு கிடையாது, ஒரு அளவுக்கு மேல் போனால் வரி கட்ட வேண்டும், அவ்வளவே. ஆறு வருடச் சேவை முடிந்ததும் வீரர் சுதந்திரமாகிவிடுவார், பெரிய ஊர்கள் வந்து கூட்டிப் போய்விடும். இது உண்மையான அநியாயம். அதே ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஸ்டீலர்ஸ் தலைநிமிர்ந்து நிற்பதற்குக் காரணம், அந்த ஆட்டத்தில் டிவி பணம் சமமாகப் பங்காகிறது, சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு.

ஆனாலும் சிறிய கிளப்புகளுக்கு மற்றவர்களிடமிருந்து பங்குப் பணம் வருகிறதே, அது எங்கே போகிறது? 2010ல் கிளப்பின் கணக்கு ஆவணங்கள் வெளியே கசிந்தன. தோற்றுக்கொண்டிருந்த 2007, 2008 இரண்டு வருடத்திலும் சேர்த்து ஏறக்குறைய 29 மில்லியன் டாலர் லாபம். 2018ல் வீரர்கள் சங்கம் நான்கு கிளப்புகள் மீது இதே பங்குப் பணம் குறித்துப் புகார் கொடுத்தது. அதில் பைரேட்ஸும் ஒன்று.

மில்வாக்கி வாசி எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் ஊர் பிட்ஸ்பர்க்கைவிடச் சின்னது. 2025ல் எங்கள் அணி புரூவர்ஸ் 97 வெற்றி, லீகிலேயே அதிகம். இங்கேயும் நல்ல வீரர்களை விற்கிறார்கள். ஆனால் விற்பதற்கு முன்பே அந்த இடத்துக்கு ஆள் தயாராக இருக்கும். சின்ன ஊர் என்ற காரணத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அலெகெனிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன டிவியை அணைத்த காட்சியை இரண்டு நாளாக மறக்க முடியவில்லை.

2025 பற்றியும் எழுதிவிடுகிறேன். எங்கள் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் வீசும் நாளில் மகனை அழைத்துப் போவேன். கடைசியில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 1.97, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் ஒருமனதாக. வெற்றி தோல்விக் கணக்கு 10-10. நான் போன ஒரு ஆட்டத்தில் அவர் ஓய்வெடுக்கப் போகும்வரை எங்கள் பேட்டர்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அந்த சீசனில் அணி அடித்த ஹோம் ரன் 117, முப்பது அணிகளில் கடைசி. அவர் தலையைக் குனிந்தபடி நடந்து போனதைப் பார்த்து, "அப்பா, அவர் என்ன தப்பு செய்தார்?" என்று மகன் கேட்டான்.

பிறகு அந்தச் சுவர். வலப்பக்கச் சுவரின் உயரம் 21 அடி, பைரேட்ஸின் பழைய நட்சத்திரம் ராபர்டோ கிளெமென்டேயின் 21ஆம் எண்ணுக்காக. 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு உதவிப் பொருள் ஏற்றிப் போன விமானத்தில் இறந்தவர் அவர். இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் குரல் தாழ்ந்துவிடும். அந்தச் சுவரில் இருந்த அவருடைய எண்ணை மறைத்து 2025ல் ஒரு மதுபான விளம்பரம் வைத்தார்கள். ஊர் கொதித்தது, மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைத்துவிட்டார்கள். அதே மாதம், ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயர் பொறித்து மைதானத்தில் பதித்த செங்கற்கள் மறுசுழற்சிக் கிடங்கில் கிடந்ததும் தெரியவந்தது. கிளப்பை விற்றுவிடச் சொல்லும் பதாகையோடு மைதானத்துக்கு மேல் விமானம் பறந்தது. என்னை முதன்முதலில் அழைத்துப் போன பெரியவர் அன்று போன் செய்தார். இந்தத் தடவை அவர் குரலில் கோபம் இருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

கிளப் விற்காவிட்டால் ஸ்கீன்ஸ் 2029 சீசன் வரை இங்கே இருப்பார். 2025ல் கானர் கிரிஃபின் என்றொரு பையனும் வளர்ந்து வந்தான், நாட்டிலேயே முதல் வரிசை இளம் வீரர்களில் ஒருவன். 2025 வரை கிளப் தன் வரலாற்றில் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம், 2023ல் பிரையன் ரேனால்ட்ஸுக்குக் கொடுத்த 106.75 மில்லியன் டாலர். ஸ்கீன்ஸைத் தக்கவைக்க அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

2013ல் நான் வாங்கிய, எங்கள் அன்றைய நட்சத்திரம் ஆண்ட்ரூ மக்கட்சனின் 22ஆம் எண் சட்டை இன்னும் இருக்கிறது. 2018ல் அவரை அனுப்பியபோது மடித்து உள்ளே வைத்தேன், 2023ல் அவர் திரும்பி வந்தபோது எடுத்துப் போட்டுக்கொண்டேன். மகன் ஸ்கீன்ஸ் 30 சட்டை கேட்கிறான். சனிக்கிழமை வாங்கப் போகிறோம்.