'குயிக்' என்பதற்குத் தமிழில் என்ன: நகக்கண்ணா, நகக்குருத்தா?

பெரம்பூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே நாய்க்கு நகம் வெட்டுவது எப்படி என்று ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. வடசென்னையில் நாய் வளர்க்கும் வீடுகளில் சுவரில் ஒட்டிவைக்கலாம். ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. நகத்துக்குள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதையை டாக்டர்களும் கடைக்காரர்களும் 'குயிக்' என்கிறார்கள். 'குயிக்கைப் பார்த்து வெட்டுங்க' என்றால் சீக்கிரமாக வெட்டச் சொல்வதாகத்தான் காதில் விழும். இந்த வேலையில் செய்யவே கூடாதது அதுதான்.

என் முன்மொழிவு 'நகக்கண்'. புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை. நகக்கண்ணில் ஊசி ஏறினால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். 'நகத்தசை' வேண்டாம் என்பது என் கருத்து, அங்கே தசை கிடையாது.

தண்டையார்பேட்டையிலிருந்து

பெரம்பூர் அண்ணனுக்கு வணக்கம். நகக்கண் நல்ல சொல்தான், ஆனால் அது மனித விரலின் சொல். நம் நகம் தட்டை. அதன் விளிம்பும் சதையும் சேரும் இடத்தைத்தான் நகக்கண் என்கிறோம், அழுக்கு சேரும் இடமும் அதுவே. நாயின் நகம் வளைந்த குழல் மாதிரி. சதை விளிம்பில் இல்லை, நடுவில் நுனியை நோக்கி நீண்டு கிடக்கிறது. மட்டைக்குள் குருத்து இருக்கிற மாதிரி. அதனால் 'நகக்குருத்து' என்று வைக்கலாம்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை வாக்கியத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். டைல்ஸ் தரையிலேயே வளரும் நாய்க்கு நகம் தேய்வதில்லை. கூடவே உள்ளே இருக்கும் சதையும் நீளும். தெருநாய்க்குத் தார் ரோடும் சிமென்ட்டும் தேய்த்துவிடுகின்றன. கடற்கரை மணலில் தினமும் ஓடவிட்டாலும் அந்த அளவு தேயாது. நீண்ட நகத்தை ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை 1 மில்லிமீட்டர் அளவு வெட்டிவந்தால், சில வாரங்களில் சதை தானே பின்னுக்குப் போகும். 'குருத்து பின்வாங்கும்' என்று இதைச் சொல்லலாம். 'கண் பின்வாங்கும்' என்று எழுதினால் நாயின் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள்.

கொளத்தூரிலிருந்து

குருத்தெலும்போடு குழம்பாதா?

வியாசர்பாடியிலிருந்து

குழம்பாது. முன்னால் 'நக' என்று ஒட்டிவிட்டதே.

இருவர் சொல்வதும் சரி. ஆனால் நீங்கள் இரண்டு வெவ்வேறு பொருளுக்கு ஒரே சொல் தேடுகிறீர்கள். கத்தரி பிடித்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

வெள்ளை நகத்தில் சிக்கல் இல்லை. வெளிச்சத்தில் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தலாம். பழுப்பு நகமானால் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் நிழலாகத் தெரியும். கறுப்பு நகத்தில் டார்ச் உதவாது. அங்கே பார்க்க வேண்டியது வெட்டின முகத்தை. நுனியில் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்தால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி உலர்ந்து, வெளிறி இருக்கும். இன்னொரு சீவல் எடுத்தாலும் அப்படியே. அடுத்த சீவலிலோ அதற்கடுத்ததிலோ நட்டநடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும், சுற்றிலும் இருப்பதைவிடச் சற்று ஈரப் பளபளப்போடு. அது இன்னும் சதை இல்லை. சதை பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். கத்தரியைக் கீழே வைக்க வேண்டிய இடம் அதுதான்.

அந்தப் புள்ளிக்குத்தான் 'கண்' பொருந்துகிறது. கரும்புக்குக் கண், தேங்காய்க்குக் கண், உருளைக்கிழங்குக்குக் கண் என்று பழகிய மொழி நம்முடையது. ஆகவே உள்ளே இருக்கும் உயிருள்ள சதை நகக்குருத்து. வெட்டுமுகத்தில் அதன் வருகையைச் சொல்லும் புள்ளி நகக்கண். 'கண் தெரிந்தால் நிறுத்து' என்று மூன்றே சொல்லில் முழு எச்சரிக்கையும் வந்துவிடும். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், புள்ளியைப் பார்த்தவர் 'சதை இன்னும் வரவில்லையே' என்று இன்னொரு சீவல் எடுப்பார், ரத்தம் வந்துவிடும்.

பெரம்பூரிலிருந்து

வியாசர்பாடி அண்ணன் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டு சொல்லையும் வைத்துக் குறிப்பை மாற்றி எழுதியிருக்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

'குளிப்பாட்டிய பிறகு வெட்டுங்கள், அப்போது நகம் கொஞ்சம் இளகியிருக்கும். கட்டைவிரலைப் பாதத்தின் மெத்தையிலும் ஆட்காட்டி விரலை நாய் விரலின் மேலேயும் வைத்து மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே நீளும். முடியை ஒதுக்கிவிடுங்கள், வெட்டியில் சிக்கினால் சுண்டி இழுக்கும். நகவெட்டியைச் சுமார் 45 பாகை சாய்த்துப் பிடித்து 1 மில்லிமீட்டர் சீவலாக எடுங்கள். கண் தெரிந்தால் நிறுத்துங்கள். மழுங்கிய நகவெட்டி நகத்தை வெட்டாமல் நசுக்கிப் பிளக்கும். குருத்தைத் தொடாமலே நாய் காலை இழுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த நசுக்கலால்தான். பிசிறை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்துவிடுங்கள்.'

தண்டையார்பேட்டையிலிருந்து

குருத்து வெட்டுப்பட்டால் என்ன செய்வது என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். பயந்துபோய் மஞ்சள் தூளை அப்பி, பஞ்சை வைத்துக் கட்டுகிறார்கள். பஞ்சை எடுக்கும்போது உறைந்த ரத்தமும் சேர்ந்து பிய்ந்து வந்துவிடுகிறது. வெட்டத் தொடங்கும் முன்பே ஒரு மூடியில் சோளமாவோ மைதாவோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ரத்தம் வந்தால் நகத்தை அதில் அழுத்தி 5 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. சலூனில் வைத்திருக்கும் படிகாரக் கல்லும் ரத்தத்தைக் கட்டும், ஆனால் எரியும், நாய் துள்ளும்.

20 நிமிடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுவது நல்லது. நம் பக்கம் உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருக்கலாம், அப்போது சின்ன வெட்டும் எளிதில் நிற்காது. 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே போகும்போது 'நகக்குருத்து வெட்டுப்பட்டுவிட்டது, 20 நிமிடமாக நிற்கவில்லை, போன வாரம் உண்ணி எடுத்தோம்' என்று சொல்லத் தெரிந்தால் டாக்டருக்கு விஷயம் உடனே பிடிபடும்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. முன்காலின் உள்பக்கத்தில், மேலே தனியாக ஒரு நகம் இருக்குமே, அது தரையைத் தொடாது. அதனால் எந்த ரோட்டிலும் தேயாது. வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திவிடும். நகம் வெட்டுகிறவர்கள் மறந்துவிடுவதும் இதைத்தான். 'தொடாநகம்' என்று சொல்லலாமா?

வியாசர்பாடியிலிருந்து

சொல்லலாம். குறிப்பின் முதல் வரியிலேயே போடுங்கள்: 'தொடாநகத்திலிருந்து தொடங்குங்கள்.'