‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

குழும நண்பர்களுக்கு வணக்கம். நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஊழியர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்க் கசடான ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’ என்பதை ‘கிளர்வுற்ற கசடு’ என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வேறு சொல் உண்டா?

வேதியியல் ஆசிரியர், தஞ்சாவூர்:

> ‘கிளர்வுற்ற கசடு’

வேண்டாம் ஐயா. ‘கிளர்வு ஆற்றல்’ படித்த மாணவன், கசட்டுக்கு ஏதோ ஆற்றல் ஏற்றுகிறார்கள் என்றுதான் நினைப்பான். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசட்டைக் கொட்டாமல் அதன்மேலேயே புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். முதலில் வாரக்கணக்கில் இழுத்த வேலை, கசடு சேரச் சேர ஒரு நாளுக்குள் முடிந்தது. அந்தக் கசடு நுண்ணுயிர்க் கூட்டம். காற்றுத் தொட்டியில் அழுக்கைத் தின்று, அடுத்த தொட்டியில் திரண்டு படிகிறது. படிந்ததில் பெரும்பங்கு மறுபடி காற்றுத் தொட்டிக்கே போகிறது.

இந்தத் தின்னும் வேலை நிலையத்துக்குள் நடக்காவிட்டால் ஆற்றில் நடக்கும். நம் வெயிலில் ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 7, 8 மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் சாக்கடை நீர் 200 மில்லிகிராம் அளவுக்குக் கேட்கும். மீனுக்கு என்ன மிஞ்சும்?

பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத்தான் இதுவும். ‘உறைக்கசடு’ என்போம்.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை:

நல்ல சொல். பெரும்பாணாற்றுப்படையில் ‘உறையமை தீந்தயிர்’ இருக்கிறது. மலையாளத்தில் இன்றும் ‘உற’தான். நடுவில் வரும் ‘க்’ என்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘உறைகசடு’ வினைத்தொகையாகி உறைந்த, உறைகின்ற, உறையும் கசடு என விரியும். ‘உறைக்கசடு’ இருபெயரொட்டு, உறையாகிய கசடு.

ஆனால் ‘கசடு’ ஏன்? கசடறக் கற்கச் சொன்ன மொழியில் அது குற்றத்தின் பெயர். ஆற்றைக் காக்கும் பொருளுக்கு அந்தப் பெயரா? ‘வண்டல்’ இருக்கிறதே! சங்கப் பெண்கள் கடற்கரையில் வண்டற்பாவை செய்து விளையாடினார்கள். மணல், நீர் கொண்டுவந்து சேர்த்தது, பிறகு விளையாட்டு என்று அந்தச் சொல் கிளைத்த விதம்...

நிலையப் பொறியாளர், கோவை:

ஐயா, குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டல் என்றால் எங்கள் ஆட்கள் கிரிட் சேம்பருக்குப் போய்விடுவார்கள். மணல் தங்குவது அங்கேதான். சில நாள் இழைபோன்ற நுண்ணுயிர்கள் பெருகி ஸ்லட்ஜ் உப்பிவிடும், படியாது. கசடு படியவேண்டிய தொட்டியான கிளாரிஃபையரின் விளிம்பைத் தாண்டி நேரே ஆற்றுக்குப் போகும். அந்த நேரத்தில் இரவு ஷிஃப்டில் இருப்பவரிடம் போனில் சொல்ல எனக்கு ஒரு சொல் வேண்டும். ‘ஸ்லட்ஜ்’ என்றால் அவருக்கு உடனே புரியும். கையேட்டிலும் அதுவே இருக்கட்டும்.

பள்ளி ஆசிரியை, சேலம்:

‘உறை’ என்றால் என் வகுப்பில் தபால் உறையும் தலையணை உறையும்தான் முதலில் வரும். பாடநூலில் உறைதல் என்பது நீர் பனிக்கட்டியாவது. என் ஓட்டு ‘கிளர்வுற்ற கசடு’க்கு. பிழையோ சரியோ, தேடினால் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ‘கிளர்வுற்ற கசடு’ பக்கம் ஆள் அதிகம். தலைப்புகளில் அது நிற்கும். தொட்டிக்குத் திரும்பும் பங்கை மட்டும் ‘உறைக்கசடு’ என்று எழுதி, முதல் இடத்தில் ‘ரிட்டர்ன் ஸ்லட்ஜ்’ என்பதையும் சேர்க்கிறேன்.

வேதியியல் ஆசிரியர், தஞ்சாவூர்:

தொட்டியில் இருப்பதும் திரும்புவதும் ஒரே கசடு. இரண்டு பெயர் வைத்தால் இரண்டு பொருள் என்றுதான் ஊழியர் படிப்பார். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்பு எப்போது?