தமிழனுக்கு இனவெறியே வராதாம், கேட்டீர்களா?

தறிக்காரன்

நேற்று இன்னொரு இழையில் நம் கொங்குச்சிங்கம் அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "இனவெறி வெள்ளைக்காரன் சரக்கு, கப்பலில் கொண்டுவந்து இறக்கினான். ‘யாதும் ஊரே’ என்று பாடியவன் பரம்பரைக்கு அந்த நோய் ஒட்டாது" என்கிறார். கீழே ஒரே கைதட்டல். அடுத்த பதிவிலேயே "வடக்கன்கள் வந்த பிறகு திருப்பூரே நாறிப்போச்சு" என்கிறார். இரண்டுக்கும் நடுவில் நான்கு நிமிடம்கூட இல்லை.

இன்று காலை கம்பெனி எதிரே டீக்கடை. எனக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் கண்ணாடி கிளாஸில் டீ. பக்கத்தில் நின்ற ஒடிசாப் பையனுக்குக் கேட்காமலேயே பேப்பர் கப். அவனும் அங்கேயே நின்றுதான் குடித்தான். டீ மாஸ்டர் கெட்டவரெல்லாம் இல்லை, போன மாதம் அதே பையன் மயங்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்து அனுப்பியவரே அவர்தான். அப்படியிருந்தும் அந்தக் கை தானாகப் பேப்பர் கப் பக்கம் போகிறதே, அது எந்தக் கப்பலில் வந்தது?

கொங்குச்சிங்கம்

ஏனுங்க தறி, எனக்கென்றே தனி இழையா? சந்தோசம். முதலில் தமிழ் படியுங்கள். வடக்கே இருந்து வந்தவன் வடக்கன். தெற்கே இருந்து வந்தால் தெக்கத்தியான். திசைப் பெயர். இதில் வெறி எங்கே வந்தது?

என் யூனிட்டில் வடக்கன்கள் 14 பேர் இருக்கிறார்கள், ஓவர்லாக் தையல் மெஷினில் மட்டும் ஆறு பேர். பொங்கலுக்கு எல்லோருக்கும் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன். வெறியன் செய்கிற வேலையா இது? பேப்பர் கப் பார்சலுக்கு. அதைப் போய் ஆராய்ச்சி செய்துகொண்டு.

சோதனைக்குழாய்

இதைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. 1954-ல் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமுக்கு 22 பையன்களை அழைத்துப் போனார். எல்லோரும் ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே நிறம். இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்துப் பரிசும் அறிவித்தார். சில நாளில் ஒருவர் கொடியை ஒருவர் கொளுத்தும் அளவுக்குப் போய்விட்டது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் போட்டி வரும்போது வெறுப்பு கூடவே வருகிறது என்பதுதான் இதன்...

கொங்குச்சிங்கம்

அப்படிப் போடுங்க! குழாய் தம்பியே என் பக்கம் வந்துவிட்டார். போட்டி வந்தால் கோபம் வரும், நியாயமான காரணம் இருக்கிறது என்று அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள். பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, ஏறாததற்கு யார் காரணம்? நான் சொன்னால் வெறியன், வெள்ளைக்காரன் 22 பொடியன்களை வைத்துச் சொன்னால் ஆய்வு.

சோதனைக்குழாய்

நான் அதைச் சொல்லவில்லை. போட்டியே இல்லாமலும் வரும். ஹென்றி தாஜ்பெல் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களிடம் "உனக்கு க்ளே ஓவியம் பிடிக்கும், அவனுக்குக் கண்டின்ஸ்கி" என்று சும்மா பிரித்துவிட்டார். தன் அணியில் யார் யார் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது, வெறும் எண்ணும் அணிப் பெயரும்தான். அப்போதும் காசு பங்கிடச் சொன்னால் தன் அணிக்காரனுக்குத்தான் கூடக் கொடுத்தார்கள்.

கொங்குச்சிங்கம்

படம் பார்த்துச் சண்டை போட்ட கதையெல்லாம் எனக்கு எதற்குங்க? வடக்கன் திசைப் பெயரா இல்லையா? அதற்கு மட்டும் பதில்.

தறிக்காரன்

சரி, திசைக்கே வருகிறேன். உங்கள் வீதி அடகுக்கடைக்காரர் ராஜஸ்தான். அவர் உங்களுக்கு "சேட்டு". வட்டி கட்டப் போகும்போது "சேட்டு சார்". உங்கள் பாங்க் மேனேஜர் லக்னோ, அவரும் "சார்". ஒடிசாவில் இருந்து வந்து ஒரு லைன் வீட்டில் எட்டுப் பேராகப் படுத்துக்கொண்டு, ரூமுக்கு அல்ல தலைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கிறவன் மட்டும் "வடக்கன்". உங்கள் திசைகாட்டி பர்ஸைப் பார்த்துத்தான் திரும்புமோ?

கொங்குச்சிங்கம்

சேட்டு என்பது தொழில் பெயர். வடக்கன் திசைப் பெயர். இதுகூடத் தெரியாமல் கணக்கு எழுதுகிறீர்கள், உங்கள் முதலாளியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். 2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது "சரியான தீர்ப்பு" என்று எழுதிய ஆள் இவர். ஊர்க்காரன் வயிற்றில் அடித்தபோது வராத கண்ணீர் ஒடிசாக்காரனுக்கு வருகிறது.

தறிக்காரன்

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவால் சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் ஓடியதும் ஒரத்துப்பாளையம் அணை சாக்கடையானதும் யாரால்? ஊர் நாறியதற்கு வடக்கன் வந்துதான் ஆகவேண்டும் என்று இருந்ததா?

மட்டுறுத்துநர்

நொய்யலுக்குத் தனி இழை இருக்கிறது.

மாட்டுங்கா மாமி

நான் பேசலாமா? எனக்கு 70 ஆகிறது, பிறந்ததிலிருந்து பம்பாய். 1966-ல் சிவசேனா ஆரம்பித்தபோது எனக்குப் பள்ளிக்கூட வயசு. அதற்கு முன்னாலிருந்தே தாக்கரேயின் ‘மார்மிக்’ பத்திரிகையில் ஆபீஸ் ஆபீஸாகத் தென்னிந்தியப் பெயர்களை அடுக்கிப் பட்டியல் வரும். "வாச்சா ஆணி தண்ட பசா", அதாவது படித்துவிட்டுச் சும்மா கிட என்று தலைப்பு. அதில் வெறும் பெயர்கள்தான் இருக்கும். சுப்பிரமணியம், கிருஷ்ணன், நாயர், ஷெட்டி மாதிரி. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் அவர் வேஷ்டியோடு மார்க்கெட் போனதில்லை. தெருவில் "ஹடாவ் லுங்கி, பஜாவ் புங்கி", அதாவது லுங்கியை விரட்டு, மகுடியை ஊது என்று கத்திக்கொண்டு போவார்கள். வேலையெல்லாம் மதராஸிகள் தின்றுவிட்டார்கள் என்பதுதான் அவர்கள் பேச்சும். மதராஸி என்பதும் ஊர்ப் பெயர்தானே தம்பி?

கொங்குச்சிங்கம்

அம்மா, உங்கள் வயசுக்கு மரியாதை. ஆனால் அது அரசியல். நாங்கள் பட்டியல் போடவில்லை. இது திசைப் பெயர்.

லயத்துக் காம்பரா

மாமி சொன்னது எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது. 1948-ல் சிலோன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த எங்கள் ஆட்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அங்கே எங்களுக்கு "இந்தியாக்காரன்", "கள்ளத்தோணி". சிங்களவன் மட்டும் சொல்லவில்லை, தமிழ் பேசுகிறவனே "தோட்டக்காட்டான்" என்றான். கப்பலேறி நீலகிரி வந்து இறங்கிய சித்தப்பாவுக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? "சிலோன்காரன்". எல்லாமே இடப் பெயர்தான் அண்ணன். ஒன்றுகூடக் கெட்ட வார்த்தை இல்லை.

(தோட்டத்தில் எங்கள் குடியிருப்பை லயம் என்போம். அதுவும் உங்கள் லைன் வீடும் ஒரே ஆங்கிலச் சொல். ஒரே மாதிரி வரிசை, ஒரே மாதிரி தகரக் கூரை.)

கொங்குச்சிங்கம்

தமிழனுக்குத் தமிழன் சொன்னதை எல்லாம் இனவெறி என்றால் மாமன் மச்சான் கேலிகூட இனவெறிதான். இழையைத் திசை திருப்ப வேண்டாம். திசை என்றதும் ஞாபகம் வந்தது: திசைப் பெயர்.

எலக்ட்ரானிக் சிட்டி பஸ்

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை. பெங்களூரில் 22 வருடமாக இருக்கிறேன். இங்கே தமிழனை எரிச்சலில் எப்படிக் கூப்பிடுவார்கள் தெரியுமா? "கொங்கா". கொங்கு நாட்டிலிருந்து வந்த சொல். 1991-ல் காவிரிக் கலவரத்தின்போது அந்தச் சொல் காதில் விழுந்தால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம். கேரளா போனால் "பாண்டி". பாண்டிய நாடு! சிங்கம் அண்ணனுக்கு ஒரே கேள்வி. உங்கள் பெயரில் பாதியை எடுத்து உங்களையே ஒருவன் கூப்பிட்டால், நாட்டுப் பெயர்தானே என்று சிரித்துக்கொண்டு வருவீர்களா?

தறிக்காரன்

😂😂 கொங்காச்சிங்கம்!

கொங்குச்சிங்கம்

தறி, வாயை அளந்து பேசவும். மட்டுறுத்துநர் இதைப் பார்க்கிறாரா இல்லையா? ஒரு மண்ணையே அவமானப்படுத்துகிறார். எங்கள் பாட்டன் பூட்டன் பெயரில்...

எலக்ட்ரானிக் சிட்டி பஸ்

ஏன் அண்ணே கோபம்? திசைப் பெயர்.

கொங்குச்சிங்கம்

அது வேறு. அவன் சொல்லும் தொனி வேறு. நாங்கள் சொல்வதில் தொனி கிடையாது.

சோதனைக்குழாய்

இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே

கொங்குச்சிங்கம்

நீங்கள் போய் ஓவியம் பாருங்கள் தம்பி.

மாட்டுங்கா மாமி

தொனி கிடையாதா? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே. பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. வீடியோ பொய், சரி. அந்தப் பையன்கள் ஏன் அதை உடனே நம்பி ஊருக்குக் கிளம்பினார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?

கொங்குச்சிங்கம்

அவர்கள் ஹோலிக்குப் போனார்கள். ஹோலி மார்ச் 8. காலண்டரைப் பாருங்கள். வருசா வருசம் போவார்கள், எனக்குத் தெரியாதா, அந்த வாரம் ஷிப்ட்டுக்கு ஆள் இல்லாமல் நான்தான் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தேன்.

தறிக்காரன்

அவர்கள் இல்லையென்றால் மெஷின் ஓடாது என்று நீங்களே ஒத்துக்கொண்டதற்கு நன்றி. பேப்பர் கப்புக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொங்குச்சிங்கம்

பார்சலுக்கு என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

தறிக்காரன்

அவன் நின்று குடித்தான் என்று அதற்கும் முன்பே சொல்லியாகிவிட்டது.

மட்டுறுத்துநர்

"கொங்கா" என்று வந்த ஒரு பதிவை நீக்கலாமா என்று பார்க்கிறேன். புகார் வந்திருக்கிறது.

லயத்துக் காம்பரா

அப்போது "வடக்கன்" என்று வந்த பதிவுகள்?

மட்டுறுத்துநர்

அதற்குப் புகார் வரவில்லை.

கொங்குச்சிங்கம்

எப்படி வரும்? திசைப் பெயர். நாளை சனிக்கிழமை, சம்பளம் போடவேண்டும், சாயங்காலம் வருகிறேன். தறி, ஓடிவிட வேண்டாம், சாயப்பட்டறைக் கணக்கு பாக்கி இருக்கிறது.